கம்பியும் தகரப்பேணியும்: வாசகர் கேள்வி பதில்

ப்ளூஸ் எண்ட அமெரிக்கக் கறுப்பினச் சனத்தின்ரை பாட்டையும், ரூட்ஸ் எண்டு சொல்லுற வேர் இசையையும் பற்றின இந்தப் பக்கத்துக்கு இந்தமுறை கடிதம் கொஞ்சம், வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ்தான் கனக்க. சிலது ஆறேழு நிமிசம் போகுது, பின்னாலை கோழி கத்துது, ட்ராக்டர் போகுது, கேள்வி எங்கை கிடக்கு எண்டு தேடித்தான் பிடிச்சனான். சுருக்கிப் போட்டிருக்கிறன், கோவிக்காதேங்கோ. பேர் போடவேண்டாம் எண்டு பாதிப்பேர் கேட்டபடியால் ஒருத்தற்றை பேரும் போடேல்லை, ஊர் மட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): கிட்டடியிலை வந்த ரூட்ஸ் அல்பங்களிலை ஒண்டே ஒண்டு கேளுங்கோ எண்டால் எதைச் சொல்லுவியள்? நாலைஞ்சு பேர் சொல்லித் தப்பேலாது, ஒண்டுதான்.

ஒண்டெண்டால் ரியானன் கிடென்ஸும் ஜஸ்ரின் றொபின்சனும் சேந்து 2025 ஏப்ரலிலை விட்டது. 'வட் டிட் த பிளாக்பேர்ட் சே டு த க்ரோ' எண்டு பேர், சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். உள்ளுக்கை பான்ஜோ எண்ட கம்பி வாத்தியம் ஒண்டு, ஒரு ஃபிடில் (நாட்டார் மெட்டு வாசிக்கிற வயலின்), இடைக்கிடை பாட்டு, அவ்வளவும்தான் அக்கா. ட்ரம்ஸ் கிடையாது, எலெக்ட்ரிக் கிற்றார் கிடையாது. ரெண்டுபேரும் முந்தி கரோலினா சொக்லேற் ட்ரொப்ஸ் எண்ட பான்டிலை இருந்தவை, அந்த பான்ட் தொடங்கின காலத்திலையே நோர்த் கரோலினாவிலை ஜோ தொம்சன் எண்ட கறுப்பின ஃபிடில்காரரிட்டைப் போய், அவற்றை வீட்டிலை அவருக்கு முன்னாலை இருந்து, பாத்துப் பாத்துப் பழகின ஆக்கள். அவர் 2012இலை 93 வயசிலை மோசம் போயிட்டார், இந்த அல்பம் ஒருவகையிலை அவருக்குக் குடுக்கிற தட்சணை. பான்ஜோ எண்டவுடனை தொப்பி போட்ட வெள்ளைக்காரன்தான் எங்களுக்கு ஞாபகம் வாறது, ஆனா அது அடிமையாக் கொண்டுபோன ஆபிரிக்கச் சனம் சுரைக்குடுவைக்குத் தோல் கட்டிச் செய்த வாத்தியத்திலை இருந்து வந்த சாமான். அந்தக் கணக்கைத்தான் கிடென்ஸ் கனகாலமா மேடையிலையும் பேட்டியிலையும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வாறா.

ஆனா நான் இதைச் சொல்லுறதுக்குக் காரணம் சரித்திரமில்லை, சத்தம். இதை ஸ்டூடியோவுக்குள்ளை செய்யேல்லை, வெளியிலை இருந்து வாசிச்சுத்தான் ஒலிப்பதிவு செய்தவை. 2024இலை அமெரிக்காவிலை ரெண்டு கூட்டம் சிள்வண்டு ஒரேயடியா வெளிக்கிட்டது, ஒரு கூட்டம் 13 வருசத்துக்கு ஒருக்கா மண்ணுக்குள்ளை இருந்து வாறது, மற்றது 17 வருசத்துக்கு ஒருக்கா, அந்த ரெண்டு கூட்டமும் ஒரே வருசத்திலை வந்தது அதுக்கு முதல் 1803இலைதான். அந்த இரைச்சல் பாட்டுக்குப் பின்னாலை கிடக்கு. வேறை ஆரும் எண்டால் கொம்பியூட்டரிலை போட்டு அந்தச் சத்தத்தை வழிச்சு எடுத்திருப்பினம், இவை விட்டிட்டினம், விட்டதாலைதான் எனக்கு அந்த அல்பம் பிடிச்சது. நெடுங்கேணிக் காட்டுக்கரையிலை வெய்யிற் காலத்துப் பின்னேரம் நிண்ட ஆக்களுக்கு ஒரு விளக்கமும் தேவையில்லை, முதலாவது பாட்டிலையே இடம் பிடிபட்டிடும்.

குறை இல்லையோ? இருக்கு. நீளம். கனக்க மெட்டு ஆட்டத்துக்கு வாசிக்கிறது, ஆடுற சனத்துக்கு ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரவேணும், கதிரையிலை இருந்து கேக்கிற எங்களுக்கு அரைவாசிக்குப் பிறகு ஒண்டோடை ஒண்டு ஒட்டுப்பட்டுப் போகுது. நாலு நாலாக் கேளுங்கோ.

கேள்வி (மல்லாவி, ஏ.எல். மாணவன்): பாலைவன ப்ளூஸ் எண்டு யூரியூப்பிலை கனக்க வருது. அது உண்மையான ப்ளூஸ்தானோ, இல்லாட்டி விக்கிறதுக்கு வைச்ச பேரோ?

பேர் விக்கிறதுக்கு வைச்சதுதான் தம்பி, சாமான் உண்மையானது. மாலி, நைஜர், அல்ஜீரியா, லிபியா எண்டு நாலைஞ்சு நாட்டு எல்லையிலை சிதறிக் கிடக்கிற துவாரெக் சனத்தின்ரை கிற்றார் இசை அது. தினாரிவென் எண்ட பான்டிலை இருந்து தொடங்கு. அதை ஆரம்பிச்ச இப்ராஹிம் அக் அல்ஹபீப் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை, 1963 கிளர்ச்சிக் காலத்திலை, அவற்றை தகப்பனைக் கொண்டுபோட்டாங்கள், பிறகு அகதி முகாம் வழிய வளந்தவர். முதல் கிற்றாரை தானேதான் செய்தது, தகரப்பேணி, ஒரு தடி, சைக்கிள் பிரேக் கம்பி. பிறகு லிபியாவிலை பயிற்சி முகாமிலை மற்றாக்களைச் சந்திச்சு, பாட்டுகளைக் கசற்றிலை பதிஞ்சு, ஒராள் மற்றாளுக்குக் கொப்பியடிச்சுக் குடுத்துக் குடுத்து அது சகாராவைச் சுத்தினது. கம்பனி இல்லை, றேடியோ இல்லை, கடை இல்லை. 2011இலை 'தஸ்ஸிலி' எண்ட அல்பம், அதுக்குக் கிறாமி விருதும் குடுத்தவை.

இதை வாசிக்கிற வயசான ஆக்கள் இப்ப சிரிப்பினம் எண்டு எனக்குத் தெரியும், ஏனெண்டால் சைக்கிளாலை பாட்டுக் கேக்கிற வேலையை இஞ்சை ஆருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளிலை கரண்ட் இல்லை, பற்றிக்குத் தடை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த டைனமோவிலை இருந்து வயர் இழுத்துக் கசற் போட்ட சனம் நாங்கள். சுத்துறவனுக்குக் கை உளைஞ்சால் பாடுறவற்றை குரல் இழுபடும், கோவத்திலை சுத்தினால் ஆம்பிளைக் குரல் பொம்பிளைக் குரலாகும். உன்ரை அம்மாவைக் கேட்டுப்பார், அவ சொல்லுவா.

இப்பத்தையான் ஆள் வேணுமெண்டால் நைஜர்க்காரன் ம்டூ மொக்தார். இவரும் முதல் கிற்றாரைச் சைக்கிள் கம்பியாலை செய்தவர், இடக்கையாலை வாசிக்கிறவர், முதல் பாட்டு போன் மெமரி காட்டிலையும் புளூடூத்திலையும் கைமாறித்தான் பேர் எடுத்தது. 2024 மேயிலை 'ஃபியூனரல் ஃபோர் ஜஸ்ரிஸ்' வந்தது. பிரான்ஸ் எங்கட நாட்டை உறிஞ்சினது, எங்கட பாசை அழியுது, எங்கட தலைவர்மார் என்ன செய்யினம் எண்டு நேரடியாப் பாடுற அல்பம், கிற்றார் சும்மா கொதிக்குது, ஆனா அதைவிட ட்ரம்ஸைக் கவனி, கைதட்டுற தாளம் ஒண்டு அடியிலை ஓடிக்கொண்டே இருக்கும், மூண்டு அடியோ நாலு அடியோ எண்டு எண்ணப்போனால் எங்கை தொடங்கினது எண்டு பிடிபடாது. 2023 யூலையிலை அவரும் பான்ட் ஆக்களும் அமெரிக்காவிலை கச்சேரிக்குப் போயிருக்கேக்கை ஊரிலை இராணுவம் ஆட்சியைப் பிடிச்சிட்டுது, திரும்பிப் போக வழியில்லாமல் அங்கை அடைபட்டுப் போச்சினம். அதே பாட்டுகளை மரக் கிற்றாரிலை திருப்பி வாசிச்சு 2025இலை 'ரியர்ஸ் ஒஃப் இன்ஜஸ்ரிஸ்' எண்டு விட்டவை. கன பேருக்கு முதலாவதுதான் பெரிசு. எனக்கு ரெண்டாவது. முதலாவதிலை கோவம் கேக்குது, ரெண்டாவதிலை ஊருக்குப் போகேலாமல் ஒரு அறைக்குள்ளை குந்தியிருக்கிற ஆக்கள் கேக்கினம். பாசை விளங்காது, விளங்கத் தேவையுமில்லை.

கேள்வி (கிளிநொச்சி, இளைப்பாறிய ஆசிரியர்): கோவலன் கூத்தும் பண்டாரவன்னியன் நாடகமும் ஆடின மண்ணிலை, உடுக்கும் பறையும் இருக்க, மாதாமாதம் அமெரிக்கன் கூச்சலுக்கு எதற்குப் பக்கம் ஒதுக்குகிறீர்கள்?

ஐயா, ஒரு சின்னக் கதை சொல்லுறன். 1941இலை அலன் லோமக்ஸ் எண்டவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஒரு பெரிய ஒலிப்பதிவு மெசினைக் காரிலை ஏத்திக்கொண்டு மிசிசிப்பியிலை ஸ்டோவல் எண்ட பருத்தித் தோட்டத்துக்குப் போனவர். அங்கை கூலிவேலை செய்த ஒரு பெடியனைப் பாடச்சொல்லிப் பதிஞ்சார். அந்தப் பெடியன்தான் மடி வோட்டர்ஸ். தன்ரை குரலைத் தானே முதன்முதல் அப்பிடித்தான் கேட்டவர், ரெண்டு வருசத்தாலை, 1943இலை, சிகாகோவுக்கு ரெயில் ஏறினவர், அங்கை போய் எலெக்ட்ரிக் கிற்றாரைக் கையிலை எடுத்தவர், றொக் இசையிலை பாதி அந்த வீட்டுப் பிள்ளை. தோட்டத்துக்கு ஒரு மெசின் போகாட்டி அந்தக் குரல் தோட்டத்தோடையே போயிருக்கும்.

நீங்கள் சொல்லுற கூத்தை ஆர் ஐயா அப்பிடிப் பதியிறது? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு எத்தினை ஆயிரம் சனம் போகுது, எல்லாற்றை கையிலையும் போன் இருக்கு, வீட்டை வந்து போட்டுப் பாத்தால் லவுட்ஸ்பீக்கர் இரைச்சலும் பிள்ளையள் அழுகிற சத்தமும்தான் இருக்கு, பாடின ஆளைக் காணேல்லை. கூத்தை நடத்துற அண்ணாவியாரை ஒரு அமைதியான இடத்திலை இருத்தி, ரெண்டு நல்ல மைக் வைச்சு, பிற்பாட்டுக்காரரை எட்டத்திலை நிப்பாட்டி, மத்தளம் இடிக்காமல் ஒருக்காப் பதிஞ்சு அனுப்புங்கோ, இதே பக்கத்திலை முழுப்பக்கம் எழுதுறன். எங்கட ஆக்கள் எண்டு சலுகை தரமாட்டன், அதையும் இப்பவே சொல்லிவைக்கிறன்.

கேள்வி (நெடுங்கேணி): பழைய ப்ளூஸ்காரர் றொபேட் ஜோன்சன் நாற்சந்தியிலை பிசாசுக்கு ஆத்துமாவை வித்துத்தான் கிற்றார் பழகினவராமே?

மாங்குளம் சந்தியிலை நடுச்சாமம் கிற்றாரோடை நிண்டு பாருங்கோ, பிசாசு வராது, பொலிஸ்தான் வரும். அந்தக் கதையை முதல் தங்களைப் பற்றிச் சொல்லித் திரிஞ்சது வேறை ஆக்கள், ரொமி ஜோன்சன் எண்ட இன்னொரு ப்ளூஸ்காரற்றை பேரிலைதான் அது முந்தி ஓடினது, ரெண்டுபேரும் ஜோன்சன் எண்டபடியால் பிறகு இவற்றை தலையிலை வந்து விழுந்திட்டுது. நடந்தது இதுதான்: பெடியன் வடிவா வாசிக்கமாட்டான், மூத்த ஆக்கள் அவன் கிற்றாரைத் தொட்டாலே கலைப்பினம், கொஞ்சக்காலம் ஆளைக் காணேல்லை, திரும்பி வந்து வாசிக்க எல்லாரும் வாயைப் பிளந்தவை. இடையிலை ஐக் சிமர்மன் எண்ட கிற்றார்காரரிட்டைப் பழகினவர், ரெண்டுபேரும் ராவிலை சுடலைக்குப் போய் இருந்து பயிற்சி செய்தவை, ஏனெண்டால் அங்கை சத்தம் எண்டு ஏச ஆளில்லை. 1936 நவம்பரிலை சான் அன்ரோனியோவிலை ஒருக்கா, 1937 யூனிலை டலஸிலை ஒருக்கா, ரெண்டே ரெண்டு தரம் பதிஞ்சது, மொத்தம் 29 பாட்டு, 1938 ஓகஸ்ட்டிலை 27 வயசிலை செத்திட்டார். ஒற்றைக் கிற்றாரிலை பெருவிரல் ஒரு வேலை, மற்ற விரலுகள் வேறை வேலை, ரெண்டுபேர் வாசிக்கிறதெண்டுதான் முதல் கேக்கேக்கை நினைப்பியள். அதுக்குப் பிசாசு காணாது, பயிற்சிதான்.

கேள்வி (பரந்தன்): பள்ளிக்கூடத்திலை கர்நாடக சங்கீதம் படிச்சனான், இப்ப கிற்றார் பழகிறன். ப்ளூஸ் ஸ்கேல் எண்டு யூரியூப்பிலை காட்டுறது எனக்குத் தெரிஞ்ச ராகம் மாதிரிக் கேக்குது.

காது நல்ல காது. அது சுத்த தன்யாசி. ச க ம ப நி, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், கைசிகி நிசாதம், அதைத்தான் அவை மைனர் பென்ரரோனிக் எண்டுறது, கிற்றாரிலை ஈ, ஜீ, ஏ, பீ, டீ. மற்றது, மேஜர் பென்ரரோனிக், அது மோகனம். ஆனா சுத்த தன்யாசி பாடுறமாதிரிப் பாடினால் ப்ளூஸ் வராது தங்கச்சி, விசயம் காந்தாரத்திலை கிடக்கு. ப்ளூஸ்காரன் காந்தாரத்தைச் சாதாரணத்திலையும் வைக்கமாட்டான், அதுக்கு ஒரு படி மேலை உள்ள அந்தர காந்தாரத்திலையும் வைக்கமாட்டான், ரெண்டுக்கும் நடுவிலை தொங்கவிடுவான், கம்பியை விரலாலை தள்ளித் தள்ளி அங்கை கொண்டுபோவான். கீழை கிற்றார் கோர்ட் (சேந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) அந்தர காந்தாரத்தோடை ஒலிக்கும், மேலை பாடுறவன் அதைத் தொடாமல் இறங்கி நிப்பான், அந்த இழுபறிதான் சுவை. பியானோவிலை அந்த இடத்துக்குக் கட்டையே இல்லை. கமகம் பழகின பிள்ளைக்கு இது ஒரு பின்னேர வேலை.

கட்டுமானம் இலகு. பன்னிரண்டு பார், பார் எண்டால் ஒரு தாளச் சுத்து. நாலு பார் ஷட்ஜத்திலை, ரெண்டு மத்திமத்திலை, ரெண்டு திரும்ப ஷட்ஜத்திலை, பிறகு பஞ்சமம் ஒண்டு, மத்திமம் ஒண்டு, ஷட்ஜம் ரெண்டு. பாட்டு வரி ஒண்டு, அதே வரி இன்னொருக்கா, மூண்டாவதா அதுக்கு மறுமொழி. கூத்திலை அண்ணாவியார் ஒரு வரியை விட்டு பிற்பாட்டுக்காரர் எடுக்கிற இடைவெளி இருக்கெல்லோ, ப்ளூஸிலை அந்த இடைவெளியைக் கிற்றார் எடுக்கும். ஸ்லைட், அதாவது விரலிலை குழாய் மாட்டிக் கம்பியிலை வழுக்கி வாசிக்கிறது, பழகவேணுமெண்டால் கடையிலை குழாய் வாங்கிக் காசைக் கரியாக்காதை, டுவேன் ஓல்மன் எண்ட கிற்றார்காரர் தடிமன் மருந்துக் குளிசைப் போத்தலைத்தான் விரலிலை மாட்டினவர். உன்ரை மோதிரவிரலுக்கு அடங்கிற கண்ணாடிப் போத்தல் ஒண்டு எடு, கம்பியை டீ ஜீ டீ ஜீ பீ டீ எண்டு இறக்கிச் சுருதி சேர், போத்தலைக் கம்பியிலை அமத்தாதை, தொட்டுக்கொண்டு போ, ஃப்ரெற் கட்டைக்கு நேர் மேலை நிப்பாட்டு.

கேள்வி (ரொறொன்ரோ, சொந்த இடம் விசுவமடு): இங்கிலாந்து றொக் பான்ட் ரோலிங் ஸ்டோன்ஸின்ரை 'ஹக்னி டயமன்ட்ஸ்' ஐப் பற்றி ஒருத்தரும் தமிழிலை எழுதக் காணேல்லை. நீங்கள் கேட்டனீங்களோ?

கேட்டனான் அண்ணை. 2005க்குப் பிறகு அவை சொந்தப் பாட்டோடை விட்ட முதல் அல்பம், 2023 ஒக்ரோபரிலை வந்தது, பாடகர் மிக் ஜாகருக்கு அப்ப 80 வயசு. குரல் இன்னும் நிக்குது, அது அதிசயம்தான். பிறகு கிறாமியும் குடுத்தவை. ஆனா என்ரை காதுக்கு முக்கால்வாசி அல்பம் புதுசா டைல்ஸ் போட்ட பழைய வீடு, வழுக்குது, மினுங்குது, ஆர் குடியிருந்தது எண்டு தெரியேல்லை. ட்ரம்ஸ் சார்லி வொட்ஸ் 2021இலை செத்தபிறகு வேறை கை, ரெண்டு பாட்டிலைதான் அவற்றை பழைய பதிவு கிடக்கு, அந்த ரெண்டிலையும் தாளம் ஒரு முடி பின்னுக்கு நிக்கும், கேட்டால் தெரியும்.

கடைசிப் பாட்டு மட்டும் வேறை. மடி வோட்டர்ஸ் 1950இலை பாடின பாட்டு, அதிலை இருந்துதான் இந்த பான்ட் தனக்குப் பேரே எடுத்தது, அறுபது வருசமா அதை அல்பத்திலை பாடாமல் வைச்சிருந்து இப்பதான் பாடியிருக்கினம். மிக்கும் கிற்றார்காரர் கீத் றிச்சட்ஸும் மட்டும், ஒரு கிற்றார், ஒரு மவுத் ஓகன். ரெண்டு கிழவர் ஒரு அறையிலை. அந்த ஒண்டை விட்டிட்டு மிச்சத்தை எடுத்தாலும் எனக்குக் கவலையில்லை.

கேள்வி (துணுக்காய்): புது ஆக்கள் ஆரும் இல்லையோ? எல்லாம் செத்தவையும் சாகப்போறவையும்தானோ?

வாய் தம்பி உனக்கு. கிங்ஃபிஷ் எண்டு ஒரு பெடியன் இருக்கிறான், கிறிஸ்ரோன் இன்கிரம், 1999இலை மிசிசிப்பி கிளாக்ஸ்டேலிலை பிறந்தவன், ப்ளூஸின்ரை தொட்டில் எண்டு சொல்லுற ஊர். '662' எண்ட அல்பத்துக்குக் கிறாமி எடுத்தவன், 662 எண்டது அந்தப் பக்கத்து ரெலிபோன் கோட், நாங்கள் 021 எண்டும் 024 எண்டும் அல்பத்துக்குப் பேர் வைக்கிறமாதிரி. கிற்றாரிலை ஆள் பெரியவன், சந்தேகமேயில்லை, மேடைப் பதிவு கேள், 'லைவ் இன் லண்டன்', ஸ்டூடியோ அல்பத்திலை பாட்டு வரிகள் கொஞ்சம் சாதாரணம், சத்தமும் கூடக் கழுவிப்போட்டினம்.

இன்னும் முரடாக வேணுமெண்டால் றொக் கிற்றார்காரர் ஜக் வைற் 2024 யூலையிலை விட்ட 'நோ நேம்'. தன்ரை இசைத்தட்டுக் கடைக்கு வந்த சனத்தின்ரை பையிலை, பேருமில்லாமல் ஊருமில்லாமல் வெள்ளை உறையிலை ஒரு எல்.பி. தட்டைச் சும்மா போட்டு அனுப்பினவர், வீட்டை போய்ப் போட்டபிறகுதான் இது புது அல்பமெண்டு சனத்துக்குத் தெரிஞ்சது. விளம்பரத் தந்திரம்தான், நல்ல தந்திரம். பாட்டுகள் கட்டை, சத்தம் கரடு. பிளாக் கீஸ் எண்ட பான்ட் 2021இலை விட்ட 'டெல்ற்றா க்ரீம்'மும் கேள், வட மிசிசிப்பி மலைப்பக்கத்து ஆக்கள் ஜூனியர் கிம்ப்ரோ, ஆர்.எல். பேர்ன்சைட் பாட்டுகளை ரெண்டு பின்னேரத்திலை இருந்து வாசிச்சு முடிச்சது, ஒத்திகைகூடப் பெரிசா இல்லை. ஒரே கோர்ட்டிலை ஆறு நிமிசம் நிப்பினம். சலிக்காது.

கேள்வி (மாங்குளம்): நீங்கள் எழுதிறதெல்லாம் ஆம்பிளையளைப் பற்றி. பொம்பிளையள் கிற்றாரே வாசிக்கேல்லையோ?

நியாயமான கேள்வி தங்கச்சி. சிஸ்ரர் றொசெற்றா தார்ப் எண்ட பேரைத் தேடு. 1915இலை பிறந்தவ, தேவாலயத்திலை பாடின பொம்பிளை, எலெக்ட்ரிக் கிற்றாரை அவ முறுக்கின முறுக்கைப் பாத்துத்தான் பிறகு வந்த றொக் ஆம்பிளையள் பழகினவை. 1964இலை இங்கிலாந்து மஞ்செஸ்ரரிலை பாவிக்காமல் விட்ட ஒரு ரெயில் ஸ்டேசனிலை ரிவிக்காக ஒரு கச்சேரி, மழை கொட்டுது, சனம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், இவ கோட்டும் போட்டு ஹீல்ஸும் போட்டு ஈரப் பிளாட்போமிலை நிண்டு எலெக்ட்ரிக் கிற்றாரிலை வெளுத்து வாங்குறா. வீடியோ கிடக்கு. றொக் இசைக்காரரின்ரை கௌரவப் பட்டியலிலை அவவைச் சேத்தது 2018இலை, செத்து நாப்பது வருசத்துக்கு மேலை ஆனபிறகு. என்னத்தைச் சொல்ல.

மற்றவ எலிசபெத் கொற்றன். இடக்கைக்காரி, கிற்றாரைக் கம்பி மாத்தாமல் அப்பிடியே கவிட்டுப் பிடிச்சு வாசிச்சவ, பெருவிரல் மெட்டு, மற்ற விரல் அடி, உலகத்துக்கே எதிர்ப்பக்கம். சின்னப்பிள்ளையிலை பாட்டுக் கட்டினவ, பிறகு கலியாணம், பிள்ளை, கோயில், வேலை எண்டு கிற்றாரை விட்டிட்டா. ஒரு கடையிலை வேலை செய்யேக்கை துலைஞ்சுபோன ஒரு பிள்ளையைப் பிடிச்சுத் தாயிட்டைக் குடுக்க, அவை சீகர் குடும்பம், பெரிய நாட்டார் பாட்டுக் குடும்பம், அந்த வீட்டிலைதான் பிறகு வேலைக்காரியாப் போனது. அங்கை சுவரிலை தொங்கின கிற்றாரை எடுத்து வாசிக்கத்தான் அவைக்கே தெரிஞ்சது. முதல் அல்பம் 1958, அப்ப அறுபது வயசு தாண்டியாச்சு. 1985இலை கிறாமி. பொம்பிளையள் வாசிக்கேல்லையோ எண்டு கேட்டால், வாசிச்சவை, சமையலை முடிச்சிட்டு.

கேள்வி (வவுனிக்குளம், கமக்காரன்): எனக்கு உந்த ஹாட்டான பாட்டுகள் சரிவராது. மருந்தடிக்கேக்கை காதிலை போட்டுக் கேக்க மெதுவா ஏதும் சொல்லுங்கோ.

மருந்தடிக்கேக்கை காதிலை ஒண்டும் போடாதேங்கோ அண்ணை, வரம்பிலை ஏறி இருந்து கேளுங்கோ. உங்களுக்கெண்டே ஒரு ஆள் இருக்கிறார், அலி ஃபர்கா தூரே. மாலி நாட்டிலை நைஜர் ஆத்தங்கரையிலை நியாஃபுங்கே எண்ட ஊர், நெல்லு விதைக்கிற மனுசன். அமெரிக்கக் கிற்றார்காரர் ரை கூடரோடை சேந்து 1994இலை 'ரோக்கிங் டிம்பக்டு' செய்து கிறாமி எடுத்தவர், எடுத்தபிறகும் வயல்தான் முக்கியம் எண்டு ஊரோடை நிண்டிட்டார், அடுத்த அல்பத்துக்குக் கம்பனிக்காரர்தான் மெசினும் ஜெனரேற்றரும் காவிக்கொண்டு ஊருக்குப் போனவை. 1999இலை வந்தது, ஊரின்ரை பேரே அல்பத்துக்கும். 2004இலை அந்த ஊர் மேயராவும் இருந்தவர், 2006இலை செத்துப்போனார். மெதுவான கிற்றார், அவசரமே இல்லை, தண்ணி பாயுறதைப் பாத்துக்கொண்டு கேக்கலாம்.

கேள்வி (வவுனியா): இந்த ப்ளூஸ், ரூட்ஸ் உலகத்திலை எங்கட நாட்டு ஆக்கள் ஆரும் இருக்கினமோ?

ஒராள் இருக்கிறார், கன பேருக்குத் தெரியாது. கவிச்சந்திரன் அலெக்சாண்டர், இலங்கையிலை பிறந்தவர், அமெரிக்காவிலை வோட்டர் லில்லி அக்குஸ்ரிக்ஸ் எண்ட சின்ன ரெக்கோட் கம்பனியை நடத்தினவர். 1992இலை கலிபோர்னியா சன்ரா பாபராவிலை ஒரு தேவாலய மண்டபத்துக்குள்ளை, ரை கூடரையும் ஸ்லைட் கிற்றாரை மோகன வீணையா மாத்தின விஸ்வ மோகன் பட்டையும் கொண்டுவந்து இருத்தினார். ரெண்டுபேரும் அண்டைக்குத்தான் அறிமுகம், ஒரு மணித்தியாலம்கூடக் கதைச்சிருக்கமாட்டினம், அப்பிடியே வாசிக்கத் தொடங்கிட்டினம். அலெக்சாண்டர் வால்வ் மெசினும் ரெண்டு மைக்குமா, இடையிலை வெட்டாமல் ஒட்டாமல் பதிஞ்சார். 'ஏ மீற்றிங் பை த ரிவர்' எண்டு 1993இலை வந்தது, அடுத்த வருசம் கிறாமி. நல்ல ஹெட்போனிலை கேட்டால் ஆர் இடப்பக்கம், ஆர் வலப்பக்கம், கூரை எவ்வளவு உயரம் எண்டுகூடச் சொல்லலாம். மேலை ஆசிரியர் ஐயாவுக்குச் சொன்னன் ரெண்டு மைக் எண்டு, இதை மனசிலை வைச்சுத்தான் சொன்னனான்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): போனிலைதான் கேக்கிறன். காசு குடுத்து ஹெட்போன் வாங்கவேணுமோ?

போன் ஸ்பீக்கரிலை பேஸ் வராது, பேஸ் இல்லாமல் ப்ளூஸ் கேக்கிறது பிரயோசனமில்லை. விலை கூடின புளூடூத் சாமான் வேண்டாம், காதுக்குள்ளை வடிவா அடைக்கிற வயர் இயர்போன் காணும். ஸ்பொட்டிஃபை பாவிக்கிறனீங்கள் எண்டால் செற்றிங்ஸுக்குள்ளை போய்ப் பாருங்கோ, டேட்டா மிச்சம் பிடிக்கிறதெண்டு ஒலித் தரத்தைக் குறைச்சு 24 கேபிபிஎஸ்ஸிலை விட்டிருக்கும், அதிலை சிம்பல் சத்தம் மணலைக் கொட்டினமாதிரிப் போகும், 160க்குக் கூட்டுங்கோ. வைஃபை கிடைக்கிற இடத்திலை இறக்கிவைச்சிட்டுப் பிறகு கேட்டால் ரீலோட் காசு மிஞ்சும். பேஸ் பூஸ்ட்டை நிப்பாட்டுங்கோ, அது பிரைவேட் பஸ்ஸுக்கு.

கேள்வி (முல்லைத்தீவு): ஏன் நீங்கள் அல்பத்துக்கு ஸ்டார் போடுறேல்லை? எல்லாரும் போடினம்.

ஸ்டார் போட்டால் அதை எண்ணிப்போட்டு எழுதினதை வாசிக்காமல் பக்கத்தைத் திருப்பிடுவினம், எனக்கென்ன விசரே. சரி, அடம்பிடிக்கிறியள், இந்தமுறை மட்டும். கிடென்ஸும் றொபின்சனும் நாலரை, அரை குறைச்சது நீளத்துக்கு. ம்டூ மொக்தார் முதலாவது நாலு, ரெண்டாவது நாலரை. ஸ்டோன்ஸ் ரெண்டரை, கடைசிப் பாட்டுக்குத் தனிய அஞ்சு. கிங்ஃபிஷ் மேடைக்கு நாலு, ஸ்டூடியோவுக்கு மூண்டு. ஜக் வைற் மூண்டரை, பக்கத்து வீட்டுக்காரர் ஊரிலை இல்லாத நேரம் கேட்டால் நாலு.